பூட்டிய எண்

மலேசியாவின் புக்கிட் ரம்பாய் கையுறைத் தொழிற்சாலையில், கையுறைகளைக் காயவைக்கும் அடுப்பின் சூடு எல்லையைத் தாண்டியதால் எச்சரிக்கை மணி அடித்தது. மேற்பார்வையாளர் நாகமுத்து, புரோகிராமர் மலர்விழியிடம் ஓடினார்.

“அந்த லிமிட்டைக் கொஞ்சம் ஏத்தி விடும்மா. மெஷின் ஓடட்டும்.”

அவள் கணினியில் புது எண்ணைத் தட்டிப் பார்த்தாள். மென்பொருள் ஏற்கவில்லை.

“முடியல அங்கிள். செட்டிங் எல்லாத்தையும் ஒரு மேப்ல, அதாவது ஒரு பட்டியல் மாதிரி, போட்டுப் பூட்டியிருக்கு. புரோகிராம் ஓடுறப்ப யாராலயும் மாத்த முடியாது. மெஷினை நிறுத்தி, ஃபைல்ல மாத்தி, மறுபடி ஸ்டார்ட் பண்ணணும்.”

“பிடிவாதம் பிடிச்ச புரோகிராம்லா இது” என்று சலித்துக்கொண்டே நாகமுத்து மெஷினை நிறுத்தச் சொன்னார்.

அடுப்பைத் திறந்தபோது உள்ளே மின்கம்பி கருகிப் புகைந்துகொண்டிருந்தது. இன்னும் சற்று ஓடியிருந்தால் தீப்பிடித்திருக்கும். பக்கத்தில் நின்று வேலை செய்தவர்களை அவர் திரும்பிப் பார்த்தார்.

“இந்தப் புரோகிராமை எழுதினது யாரும்மா?”

“தினேஸ்வரன். உங்க மகளைப் பொண்ணு கேட்டு வந்தாரே, அவருதான். வளைஞ்சு கொடுக்காத ஆளுன்னு நீங்க வேணாம்னுட்டீங்க.”

நாகமுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அவருக்குக் கல்யாணம் ஆயிருச்சா?”