கழுத்தில் போட்ட சூடு

ஜீப் வெளிச்சத்தில் ஐந்தாறு ஒட்டகங்கள் சாவகாசமாகச் சாலையைக் கடந்தன. போலீஸ்காரன் சுஹைல் பிரேக்கை ஓங்கி மிதித்தான்.

பக்கத்தில் இருந்த கிழவர் பகீத் கண்ணைச் சுருக்கிப் பார்த்துப் பல்லைக் கடித்தார். "மறுபடியும் ஒட்டகமா? ராத்திரியில கட்டிப் போட வக்கில்லாதவனுக்கு எதுக்குய்யா ஒட்டகம்?"

அவருடைய ஒரே மகன் ஆமிர், ஹைமாவுக்குப் போகிற இதே சாலையில் ஒட்டகத்தின் மேல் காரை மோதி இறந்துகிடந்தான். கிழவரைப் பிணத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விடுகிற பாவம் இவன் தலையில் விழுந்திருந்தது.

"யாரா இருந்தாலும் விட்டுடாதே சுஹைல். ஒட்டகத்தோட சூட்டைப் பாரு, ஆளைப் பிடி. அவன் கம்பி எண்ணினாத்தான் என் மனசு ஆறும்."

"பிடிச்சிடலாம், பெரியப்பா."

பிடிப்பது சுலபம்தான். அந்தப் பாலைவனத்தில் வீட்டுக்கு ஒரு சூடு உண்டு. இரும்பைக் காய்ச்சிக் கழுத்தில் போட்டால், எத்தனை மந்தை கலந்தாலும் எவனுடையது என்று தெரிந்துவிடும்.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது கார் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தது. சற்றுத் தள்ளி ஒட்டகம். அதன்மேல் ஒருவன் கத்தியோடு குனிந்திருந்தான். வெளிச்சம் பட்டதும் எதையோ அங்கிக்குள் திணித்துக்கொண்டான்.

முஸல்லம்! ஆமிரின் சிநேகிதன். விபத்தைப் போனில் சொன்னவனே அவன்தான்.

பகீத் கண்ணில் புரை விழுந்தவர். இரண்டு வருஷமாகத் தன் மந்தைப் பக்கமே போகாமல், எல்லாவற்றையும் வேலையாள் பொறுப்பில் விட்டிருந்தார். தடவித் தடவி மகனிடம் போனார். அவன் நெற்றியில் முத்தமிட்டார். பிறகு ஒட்டகத்திடம் வந்து அதன் கழுத்தைத் தடவினார்.

விரல் பச்சை மாமிசத்தில் இறங்கியது.

"சூட்டை அறுத்துட்டானுங்க! எவன்டா அது?"

"நான்தான், பெரியப்பா."

"முஸல்லமா? உன் ஒட்டகமாடா இது?"

முஸல்லம் ஆமிர் கிடந்த பக்கம் ஒருமுறை பார்த்தான். "ஆமா."

கிழவர் அவன் முகத்தில் காறித் துப்பினார். "என் பையனும் நீயும் ஒரே தட்டுல சாப்பிட்டவங்கடா! அவன் செத்துக் கிடக்கான், உனக்குக் கேஸுல மாட்டாம தப்பிக்கணும்னு தோணுச்சா?"

முஸல்லம் முகத்தைக்கூடத் துடைக்கவில்லை.

சுஹைலுக்கு ரத்தம் கொதித்தது. சட்டையைப் பிடிப்பதுபோல் அங்கியைக் கொத்தாகப் பிடித்து ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப் போனான். பளாரென்று ஓர் அறை விட்டான்.

"நீயெல்லாம் மனுஷனாடா? எடு அதை!"

"வேண்டாம் சுஹைல். என்னுதுன்னு எழுதிக்கோ. கையெழுத்துப் போடறேன்."

சுஹைல் அவன் அங்கிக்குள் கையை விட்டு, உள்ளங்கை அகலத் தோல் துண்டை வெளியே இழுத்தான். டார்ச் அடித்துப் பார்த்தான்.

டார்ச் பிடித்த கை தானாகக் கீழே இறங்கியது.

"டேய் முஸல்லம்..."

"மெதுவாப் பேசு," என்றான் முஸல்லம். அவன் அழுதுகொண்டிருந்தான்.

அந்தப் பக்கம் பகீத் மகனை மடியில் போட்டுக்கொண்டு, வானத்தை நோக்கிக் கையேந்தினார். "யா அல்லாஹ்! இந்த ஒட்டகத்துக்காரன் வீடு விளங்காமப் போகணும்!"

சுஹைலின் கையில் இருந்த தோலில், பகீத் வீட்டுச் சூடு இருந்தது.