அப்பாவின் சம்மதம்

"உங்க காலைப் பிடிச்சுக் கேட்கிறேன் சார்," என்றான் மீன்தொட்டி கழுவுகிறவன். சொன்னதோடு நிற்காமல் பிடித்தும் விட்டான். கையில் இருந்த பாசி முதலாளியின் வெள்ளைக் கால்சட்டையில் பச்சையாக ஒட்டியது.

முதலாளிக்கு நாலு ஆலை, ஒரே மகள். ஆலைகள் அவர் பேச்சைக் கேட்கும்.

காதல் மீன் தீனியால் வந்தது. மகள் தீனியை டப்பாவோடு தொட்டியில் கவிழ்த்துக் கொட்டப் போனாள். இவன் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அவள் கையிலிருந்து ஒரு பொருளை அதுவரை யாரும் பிடுங்கியதில்லை. காலையில் அழுதாள், மாலையில் காதலித்தாள்.

அவனுக்கோ, அவள் தண்ணீர் இறக்கும் குழாயை வாயில் வைத்து உறிஞ்சி, தொட்டித் தண்ணீரைக் குடித்துவிட்டுச் சிரித்த அன்று தலை சுற்ற ஆரம்பித்தது. இன்னும் நிற்கவில்லை.

முதலாளிக்குக் குழப்பம். "நான்தான் கேட்டவுடனே சரின்னுட்டேனே தம்பி. மண்டபமும் பார்த்தாச்சு. இன்னும் எதுக்குக் காலைப் பிடிக்கிறே?"

"அதுக்குத்தான் சார். நீங்க சரின்னுட்டீங்க."

கூடத்தைக் காட்டினான். மகள் கேட்டவுடன் வந்த பியானோவின் மேல் டிரைவரின் தொப்பி இருந்தது. கேட்டவுடன் வந்த குதிரைக்கு இப்போது தோட்டக்காரரைத்தான் தெரியும். கேட்டவுடன் திறந்த கேக் கடை, திறந்த வேகத்திலேயே மூடிக் கிடந்தது.

"அவங்க அம்மா வாங்கித் தரமாட்டேன்னு சொன்ன மோட்டார் சைக்கிளைப் பத்தி மட்டும்தான் இன்னும் பேசுறாங்க சார். அம்மா இறந்தே எத்தனை வருஷமாச்சு. நீங்களும் ஒரு தடவை முடியாதுன்னு சொல்லிடுங்க. அப்புறம் என்னை விடவே மாட்டாங்க."

இப்போது நன்றாகத்தானே இருக்கிறாள் என்று முதலாளி கேட்டார். கொஞ்ச நாளாகத் தொட்டிப் பக்கம் வருவதில்லை, கல்யாண வெட்கமாக இருக்கும் என்றான் அவன். அந்த வீட்டில் வெட்கத்தை யாரும் பார்த்ததில்லை.

ஆயிரம் பேரை ஒரே நாளில் வேலையை விட்டு அனுப்பியவர் முதலாளி. ஆனாலும் மகளிடம் முடியாது என்ற வார்த்தையைச் சொன்னதில்லை. முதலில் மீன்களிடம் சொல்லிப் பார்த்தார். மீன்கள் எதிர்ப்புத் தெரிவிக்கவில்லை.

மேஜையில் இருந்த கண்ணாடிச் சாமான்களை எல்லாம் முன்னெச்சரிக்கையாக அலமாரியில் வைத்துப் பூட்டினார். மீன்தொட்டி கழுவுகிறவன் தொட்டிக்குப் பின்னால் குந்திக்கொண்டான். மகளைக் கூப்பிட்டார்.

ஒரு காதில் பாட்டோடு வந்து நின்றாள்.

"இங்க பாரும்மா. இந்தக் கல்யாணம் நடக்காது. நீ அழுதாலும் சரி, சாப்பிடாம கிடந்தாலும் சரி. முடியாதுன்னா முடியாது."

ஒருவழியாகச் சொல்லி முடித்துவிட்டார். தொட்டிக்குப் பின்னால் இருந்தவன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். இனி அவள் கத்த வேண்டும், கதவை அறைய வேண்டும், அவனோடு ஓடிப்போவேன் என்று மிரட்ட வேண்டும். ஓடுவதற்கு அவன் தயாராகவே வந்திருந்தான்.

அவள் காதில் இருந்ததைக் கழற்றினாள். அப்பாவை முதல்முறை பார்ப்பதுபோல் பார்த்தாள். பிறகு அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டு, பெரிய பாரம் இறங்கியவள்போல் மூச்சு விட்டாள்.

"சரிப்பா."