சைரனுக்குக் கிடைத்த மரியாதை

சைரன் ஊதி அடங்கவில்லை, அதற்குள் தெருவே வெளியே ஓடி வந்துவிட்டது. பாதித் தலை வாரியவர்கள், வாயில் இட்லியோடு வந்தவர்கள் என்று பெண்கள் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு ஓடினார்கள்.

நகராட்சி ஆணையர் அருணகிரிக்கு ஆனந்தத்தில் கண் கலங்கியது. பாலாற்றில் வெள்ளம் வந்தால் ஊரை எப்படிக் காலி செய்வது என்று போன வருஷம் அவர் நடத்திய ஒத்திகைக்கு வந்தவை இரண்டு நாய்கள். அதிலும் ஒன்று பாதியிலேயே கிளம்பிவிட்டது.

"இந்த வாட்டியும் ஊத்திக்கிச்சுன்னா உங்களைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவாங்க" என்று சென்னையிலிருந்து மேற்பார்வைக்கு வந்திருந்த மோகனா மேடம் காலையிலேயே சொல்லிவிட்டார். வெள்ளத்தைச் சமாளிக்கத் தெரியாதவருக்கு அதைவிடப் பாதுகாப்பான இடம் ஏது! ஆனால் அருணகிரி மகளை இப்போதுதான் உள்ளூர்க் கல்லூரியில் சேர்த்திருந்தார்.

அதனால்தான் கூட்டம், நோட்டீஸ், ஆட்டோ மைக் என்று ஜனங்களுக்கு எந்தத் தொந்தரவும் தராமல், ஊரிலேயே பெரிய சைரனாக வாங்கி நேராக மாட்டிவிட்டார்.

"பாத்தீங்களா மேடம், எல்லார் கையிலயும் சாப்பாடு, தண்ணி பாட்டில்! ஆபத்து நேரத்துல இன்னா எடுத்துக்கணும்னு இங்க எல்லாருக்கும் அத்துப்படி."

"அட, கழுத்துல அடையாள அட்டைகூட மாட்டியிருக்காங்களே!"

"எல்லாம் நம்ம டிரெயினிங்தான் மேடம்" என்றார் அருணகிரி கூசாமல். கொடுக்காத பயிற்சியே இவ்வளவு வேலை செய்கிறதென்றால், கொடுத்திருந்தால் ஊர் என்ன ஆகியிருக்கும்!

மேடம் மனசார முழு மதிப்பெண் போட்டார். போட்டுவிட்டுத் தெருவைப் பார்த்தவர் லேசாக நெற்றியைச் சுருக்கினார்.

"ஆமா, முகாம் மேட்டு ஸ்கூல்லதானே? இவங்க ஏன் அந்தாண்ட போறாங்க?"

"குறுக்கு வழி மேடம். உள்ளூர்க்காரங்களுக்குத் தெரியாத சந்து பொந்தா?"

அந்த நேரம் பார்த்து அவர் செல்போன் அலறியது. முகாமில் காத்திருந்த சுகாதார ஆய்வாளர் ஜெயசீலன்தான். ஸ்பீக்கர் போடாமலே அவர் குரல் தெருமுனை வரைக்கும் கேட்டது.

"சார், சாம்பார் சாதம் ஆறிப்போவுது! இங்க ஒரு ஈ காக்கா வரல சார்!"

அருணகிரி அவசரமாகப் போனை அணைத்தார். மேடம் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஓடி வந்த ஒரு பெண்ணை மறித்தார்.

"நில்லும்மா! சைரன் கேட்டுதுல்ல? எல்லாரும் எங்க ஓடுறீங்க?"

"ஆத்தங்கரை ஷூ கம்பெனிக்கு மேடம்! இன்னிக்கி சீக்கிரமே ஊதிட்டான், கேட்டை சாத்திடுவான், வழி உடுங்க!"