அம்மா போட்ட கையெழுத்து

வேட் மடிக்கணினியைத் தூக்கிச் சுவரில் அடித்தார். மகள் டெல்லாவுக்கு ஆரிகனில் கல்லூரி இடம் கிடைத்த செய்தி அதில்தான் வந்திருந்தது.

"ஒஹாயோவுல காலேஜே இல்லையா? ரெண்டாயிரம் மைல் ஓடணுமா? வரலைன்னு இப்பவே எழுதுடி!"

அவர் டெல்லாவின் முடியைப் பிடித்து இழுத்தபோது அவர் மனைவி லோர்னா குறுக்கே விழுந்தாள்.

"எழுத முடியாது, வேட். முன்கூட்டியே இடம் கேக்கற மனு அது. கிடைச்சா அங்கேயேதான் சேருவேன், மத்த காலேஜை எல்லாம் விட்டுடுவேன்னு எழுதிக் கொடுக்கணும். பெத்தவங்கள்ல ஒருத்தரும் கையெழுத்துப் போடணும்."

"யாரு போட்டது?"

"நான்தான்."

கன்னத்தில் அறை விழுந்தது. அடுத்த குத்து வயிற்றில். லோர்னா அடுப்போரம் சரிந்தாள். அடி தன்மேல் விழவில்லை என்று ஒரு கணம் ஆறுதல்பட்ட தன் மனத்தை நினைத்து டெல்லா கூசிப்போனாள்.

வேட் ராணுவத்துக்கு ஆள் சேர்ப்பவர். கையெழுத்துப் போட்டபின் பயந்து அழுத பையன்களில் ஒருவனையும் அவர் விட்டதில்லை.

"போட்டாச்சுன்னா போட்டாச்சு. போய்த் தொலையட்டும்!" கதவை உதைத்துத் திறந்துகொண்டு வெளியேறினார்.

டெல்லா ஈரத்துணியால் அம்மாவின் உதட்டைத் துடைத்தாள்.

"அம்மா, நான் போட்டது அந்த மனு இல்லை. இதுல கட்டாயமே கிடையாது. மே மாசம் வரைக்கும் வேண்டாம்னு சொல்லலாம். நீ எதுலயும் கையெழுத்தே போடலியே!"

"தெரியும்டி," என்றாள் லோர்னா. "மெதுவாப் பேசு. அப்பா வண்டி இன்னும் கிளம்பலை."