கை காட்டியவன்

"எங்கம்மா என்னா சொன்னாலும் கொஞ்ச நாளைக்கு நீ வாயைத் தொறக்காத. இந்த ஆடியோட அதுவே அடங்கிடும்" என்று ஷேர் ஆட்டோவில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான் டில்லிபாபு.

சரி என்றாள் பியூலா. கல்யாணமாகி ஒன்பது நாள். அப்போது அவன் எது சொன்னாலும் அவளுக்குச் சரிதான்.

அதற்குப் பிறகு பதினோரு ஆடி போய்விட்டது.

இன்று காலை ஆவடி சபையில் அவன்தான் பிரசங்கம். போதகர் ஊரில் இல்லாத ஞாயிற்றுக்கிழமைகளில் அவனைத்தான் நிறுத்துவார்கள். நன்றாகப் பேசுவான். ஏதேன் தோட்டத்தை எடுத்துக்கொண்டான். நான்கு ஆறுகளையும் ஓடவிட்டான், மரமெல்லாம் பழுக்க வைத்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, கனியைத் தின்றதுகூடப் பெரிதில்லை, கடவுள் வந்து கேட்டபோது பெண்டாட்டியைக் கை காட்டினானே ஆதாம், அதுதான் பாவம் என்றான். அவனெல்லாம் ஒரு ஆம்பளையா என்றும் கேட்டான்.

சபை முழுக்க ஆமென் சொன்னது. பியூலா சொல்லவில்லை. உட்கார்ந்திருந்த பாயின் ஓரத்துக் கோரையை ஒவ்வொன்றாக உருவிக்கொண்டிருந்தாள்.

ஆராதனை முடிந்ததும் நேராகத் திருவேற்காடு. மாமியார் வேம்புலியம்மாள் வீட்டு வாசலில் அம்மனுக்குக் கூழ் வார்க்கும் நாள். யார், என்ன என்று அவள் யாரையும் கேட்பதில்லை. ஆட்டோக்காரர்களோ, புது அடுக்குமாடிக்காரர்களோ, பாத்திரத்தை நீட்டினால் போதும், வயிறு நிறைய ஊற்றுவாள்.

பியூலாவுக்கும் ஊற்றுவாள், வரிசையில் நின்றால். படி மட்டும் ஏறக்கூடாது.

டில்லிபாபு ஏறலாம். பெற்ற பிள்ளை. பாவம், மயக்கப்பட்டவன்.

அவனிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் என்று பியூலாவுக்கு ஒவ்வொரு ஆடியிலும் தோன்றும். தொண்டை வரை வரும். அவன் முகத்தைப் பார்த்ததும் இறங்கிவிடும். வீட்டில் அவ்வளவு நல்லவன். அவளுக்குக் காய்ச்சல் என்றால் வேலைக்குப் போகாமல் சோறு வடித்து ஊட்டுவான். அதை நினைத்தால்தான் இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

வெயில் உச்சியில் இருந்தது. வரிசையில் முன்னால் நின்ற அடுக்குமாடிப் பெண், படியோரம் செருப்போடு ஒதுங்கி நிற்கும் இவள் யார், சொந்தமா என்று பேச்சுவாக்கில் விசாரித்தாள்.

வேம்புலியம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"சொந்தமா? எம் புள்ளைய வேதத்துக்கு இழுத்துகினு போன மவராசி."

அண்டாவின் அந்தப் பக்கம் சொம்போடு நின்றிருந்தான் டில்லிபாபு. மற்ற வருடங்களில் இந்த இடத்தில் குனிந்து கூழைக் கலக்குவான். இன்று வரிசையே அவனைப் பார்த்தது. அசட்டுத்தனமாகச் சிரித்தான்.

"இன்னா பண்றது, மாட்டிக்கினேன்."

வரிசையில் நாலைந்து பேர் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

பியூலா தூக்குவாளியைத் தரையில் வைத்தாள். செருப்பைக் கழற்றினாள். பதினோரு வருடங்களில் முதல்முறையாக அந்த மூன்று படிகளையும் ஏறினாள். யாரோ தடுக்க வந்தார்கள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்கள்.

"முழுக்கு ஞானஸ்நானம் எடுத்துட்டு சபைத் தொட்டியிலேர்ந்து ஈரத்தோட ஏறி வந்தீங்க. தலை துவட்டத் துண்டு குடுத்தது நான்" என்றாள். "அன்னிக்குத்தாங்க உங்க மூஞ்சியவே நான் மொத மொதல்ல பாத்தேன்."

டில்லிபாபுவின் கையிலிருந்த சொம்பு சாய்ந்து கூழ் வழிந்தது. அவன் அதைக் கவனிக்கவில்லை.

"அத உங்கம்மாகிட்ட சொல்லுங்க. இப்ப, இங்கியே சொல்லுங்க."