வரைபடத்தில் வீராயி

“யார் கட்டுரையை யார் மேற்கோள் காட்டுறாங்கன்னு இந்த வரைபடம் காட்டுதும்மா. இந்தச் சின்னப் புள்ளிதான் நீங்க. ஆறு வருஷமா வளரவே இல்லை” என்று லேப்டாப்பைத் திருப்பினார், தலைமையகத்திலிருந்து ஏற்காட்டுக் காப்பி ஆய்வகத்துக்கு வந்திருந்த வேதாசலம்.

பூங்கொடி கைகட்டி நின்றாள். பதினெட்டு வருடமாகக் காப்பிச் செடியின் தண்டுத் துளைப்பான் பூச்சியோடு மல்லுக்கட்டுகிற விஞ்ஞானி.

“அதுக்கு என்னங்க இப்போ?”

“இந்த ஆய்வகத்தை வேற ஆளுக்குத் தரப்போறோம். இதோ, பெரிய புள்ளி. வீராயின்னு ஒருத்தங்க. அதே பூச்சிதான். இன்னிக்கு இந்தத் துறையே அவங்க பின்னாலதான் போகுது. வரைபடத்துல பேர் மட்டுந்தான் இருக்கு. ஆள் எங்கேன்னு தேடணும்.”

“தேட வேண்டாமுங்க. நாகலூர் எஸ்டேட்டுல காப்பிப் பழம் பறிச்சுக்கிட்டு இருப்பாங்க.”

“விளையாடாதீங்க!”

“எழுதப் படிக்கத் தெரியாதுங்க. எங்கம்மா.”

வேதாசலத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“குடும்பப் பேர் இல்லாம வெளிநாட்டுப் பத்திரிகையில கட்டுரையை வாங்க மாட்டாங்க. முன்னே ஊட்டுக்காரர் பேரைப் போட்டேன், தனபால்னு. ஆறு வருஷம் முன்னால அந்த மனுசனைக் கோர்ட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன். அதுக்கப்புறம் நான் எழுதினதுக்கெல்லாம் குடும்பப் பேரு, என்னைப் படிக்க வச்சவங்க பேருதானுங்க. உங்க வரைபடம் அதை மட்டுந்தான் காட்டுது.”

வேதாசலம் இரண்டு புள்ளிகளையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப ரெண்டு புள்ளியும் நீங்கதானா? சரி, சேர்த்துடலாம். எல்லாத்தையும் பழையபடி தனபால்னே மாத்தி எழுதிக் கொடுங்க.”

“மாத்தறதுன்னா தனபாலை மாத்துங்க சார்” என்று லேப்டாப்பை மூடினாள் பூங்கொடி. “வீராயி மேல ஒருத்தரும் கை வைக்கக் கூடாது.”