அரை முறம் தவிடு

என் மகளை அரை முறம் தவிட்டுக்கு விற்றேன்.

நான் கேட்டது ஒரு முறம்.

சிதம்பரம் ஓமக்குளத்துப் பக்கம், மகளிர் குழுவின் எருக் கொட்டகை. மார்கழிக் காலை, பனி இன்னும் விலகவில்லை. நானும் என் மனைவி தாட்சாயிணியும் நின்றோம். அவள் கையில் துணிச்சுருளாக எங்கள் மகள். எதிரே, கொட்டகையைப் பார்த்துக்கொள்ளும் சந்திரலேகா.

சந்திரலேகாவைத் தெரியாத தெரு இல்லை. தள்ளுவண்டியோடு வந்து காய்கறிக் கழிவையும் வாடின மாலையையும் வாங்கிப்போய் மக்க வைப்பாள். எருவைச் சுற்றுவட்ட வயல்காரர்களுக்குச் சும்மா கொடுப்பாள். வண்டிச் செலவுக்குக் குழுப் பெண்கள் மூங்கிலில் முறமும் கூடையும் முடைந்து விற்பார்கள்.

தெற்கு வீதியில் பாத்திரக் கடை வைத்திருக்கும் எனக்கு இந்த வியாபாரம் விளங்கியதே இல்லை. முதல் உண்டு, உழைப்பு உண்டு. லாபம் மட்டும் வயலுக்குப் போய்விடும்.

எங்களுக்கு இது மூன்றாவது குழந்தை. முதல் இரண்டும் பெயர் வைக்கும் நாள்வரைகூடத் தங்கவில்லை. இவள் எட்டாம் மாதத்திலேயே பிறந்து, ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டியில் கிடந்து, போன வாரம்தான் வீட்டுக்கு வந்தாள். டாக்டர்கள் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டார்கள். கை கால் மட்டும் சில்லென்றே இருந்தது. அழுதால் அடுத்த அறைக்குக் கேட்காது.

பிள்ளை தங்காத வீட்டில் பிறந்ததைக் குப்பைமேட்டில் போட்டு, அடுத்தவருக்குத் தவிட்டு விலைக்கு விற்றுவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றிலிருந்து அது அவர்கள் பிள்ளை. நாம் வளர்த்துக் கொடுப்பவர்கள், அவ்வளவுதான். தேடி வரும் எமன் விலாசம் தப்பு என்று திரும்பிவிடுவானாம்.

கடைத்தெருவில் இதற்குப் பினாமி என்று பெயர்.

நம்பினாயா என்று கேட்காதீர்கள். வேறு வழி கைவசம் இல்லை.

ஆனால் இன்றைக்கு ஊரில் பிள்ளையைப் போடும்படியான குப்பை எங்கே இருக்கிறது? எல்லாம் பாலித்தீன், உடைந்த பாட்டில். பெற்றவளுக்கு மனசு வரவில்லை. "சந்திரலேகா அக்கா குப்பையிலன்னா போடுறேன்" என்றாள். "அவுங்க குடுக்கறத வாங்கிக்கணும். அங்க வந்து கடை புத்தியக் காட்டாதீங்க."

குவியல் இடுப்பளவு உயரம். மேலே ஈரச் சாக்கு. சந்திரலேகா அதை விலக்கியதும் ஆவி எழுந்தது. மூக்கைப் பொத்தத் தயாராக இருந்தேன். வந்தது சம்பங்கியும் ஈரமண்ணும் கலந்த வாசம்.

புது முறம் ஒன்றை அதன்மேல் வைத்தாள்.

"சாணி மெழுகலியே" என்றேன். இடுக்கு அடைய மெழுகிய முறத்தைத்தான் எந்த வியாபாரியும் காசு கொடுத்து வாங்குவான்.

"மெழுகினா சூடு எப்புடி ஏறும்? இதுக்குன்னே மொடஞ்சது, தம்பி. மேல்குப்பையக் கிளறி ஆறவுட்டு வச்சிருக்கேன். வெதவெதன்னுதான் இருக்கு. பயப்படாம போடும்மா."

தாட்சாயிணி போட்டாள். வழக்கப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது.

வாங்குகிறவள் சரக்கை மட்டம் தட்ட வேண்டும். சந்திரலேகா எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"சூம்பிப்போன கத்திரிக்கா மாதிரி கெடக்குது. என்னா வெல?"

என் வாய் முந்திக்கொண்டது. பரம்பரைப் பழக்கம். "ஒரு முறம் தவிடு. அதுக்குக் கொறஞ்சா கட்டாது."

தாட்சாயிணி பார்த்த பார்வையில் பித்தளையே உருகியிருக்கும். விலை ஏறினால் பிள்ளைக்கு மதிப்பு ஏறும். மதிப்பு தெரிந்தால் எமன் மோப்பம் பிடிப்பான்.

"இதுக்குப் போயி ஒரு முறமா? அரை முறம். இஷ்டம்னா குடு, இல்லாட்டி தூக்கிட்டுப் போ."

"அரை முறம்" என்றேன். என் வாழ்நாளில் மறுபேச்சில்லாமல் நான் இறங்கிவந்த ஒரே பேரம்.

தவிட்டை அளந்து என் துண்டில் கொட்டினாள். அப்போதுதான் உறைத்தது. குழந்தையிடம் சத்தமே இல்லை.

தாட்சாயிணி பாய்ந்தாள். நான் முறத்துக்கு அடியில் கையை நுழைத்தேன்.

அடுப்புச் சூடு இல்லை. உடம்புச் சூடு.

ஊர் வேண்டாம் என்று கழித்த வாழைத்தோலும் முருங்கைக் காம்பும் மாலையும், விறகில்லாமல், யாரும் ஊதாமல், தாமே சூடேறிக்கொண்டிருந்தன. கையில் வந்ததை வெளியே எடுத்துப் பார்த்தேன். ஒரு பக்கம் இன்னும் பூ. மறுபக்கம் மண். எந்த இடத்தில் பூ முடிந்தது என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

மறு கையால் மகளின் உள்ளங்காலைத் தொட்டேன். பிறந்ததிலிருந்து முதல்முறையாக, கதகதப்பு.

கடை சாத்திய முதலாளிபோல் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

எதைப் பார்த்தாலும் மனசுக்குள் ஒரு விலை ஓடும் எனக்கு. அன்று ஒன்றும் ஓடவில்லை.

சந்திரலேகா முறத்தோடு தூக்கி தாட்சாயிணியிடம் நீட்டினாள். "என் புள்ள. பத்தரமா வளத்துக் குடு."

துண்டை முடிந்துகொண்டே கேட்டேன். "நீங்க இப்புடி வாங்குன புள்ளைங்கல்லாம் நல்லா இருக்குதுங்களாக்கா?"

"வாங்குறது இதான் மொத தடவ."

குவியலின் மேல் சாக்கை இழுத்துப் போர்த்தினாள். குளிரில் படுத்திருக்கும் ஆளுக்குச் செய்வதுபோல ஓரங்களைச் செருகிவிட்டாள்.

"எங்கம்மாவுக்கு எனக்கு முன்னாடி மூணு போச்சு. என்னையும் இப்புடித்தான் குப்பையில போட்டாங்க, வேற ஒருத்தி தவிடு குடுத்து எடுத்தா. வித்தவுங்க, வாங்குனவுங்க கணக்கு அன்னிக்கே தீந்துபோச்சு. படுக்க எடம் குடுத்த குப்பைக்கித்தான் யாரும் ஒண்ணும் குடுக்கல. நானும் வண்டி வண்டியாக் கொண்டாந்து கொட்டுறேன். இன்னும் பாக்கி நிக்குது."